முகதாட்சண்யத்தின் ஆயுள் மூன்று ஆண்டு

கடன் நோட்டை என் மேசையில் வைக்கிறவர்கள் எல்லோரும் அதன் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். தொகை எவ்வளவு, கையெழுத்து யாருடையது, சாட்சியாக யார் யார் நின்றார்கள் என்பதையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது தேதியை; அடுத்துப் பார்ப்பது பின்பக்கத்தை. இராமநாதபுரத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக, பெரும்பாலும் கடன் கொடுத்தவர்கள், வீட்டுக்காரர்கள், சரக்குக் கொடுத்த வியாபாரிகள் ஆகியோர் பக்கமே வழக்கு நடத்தி வரும் எனக்கு, ஒரு வழக்கு நிற்குமா விழுமா என்பது அநேகமாக அந்தப் பின்பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். அக்காள் மகனுக்குப் படகு எஞ்சின் வாங்குவதற்காக மூன்று லட்சம் கொடுத்திருந்தார். நோட்டு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது; ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து குறுக்காக ஓடியிருந்தது; வட்டியும் நியாயமாகவே இருந்தது. பின்பக்கத்தில் நான்கு இடங்களில் ‘வரவு ரூ.5,000’, ‘வரவு ரூ.10,000’ என்று தேதியோடு எழுதியிருந்தது. நான்கும் பெரியவர் தம் கைப்பட நீல மையில் எழுதியவை. பணம் கொண்டுவந்து கொடுத்தவரின் கையெழுத்து ஓரிடத்திலும் இல்லை. நோட்டு எழுதி மூன்று ஆண்டும் ஏழு மாதமும் ஆகியிருந்தன. “ஒவ்வொரு முறையும் அவரையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றேன். “பணத்தைக் கொண்டுவந்து தருகிற மருமகனிடம், கையெழுத்தும் போடப்பா என்று எப்படியம்மா கேட்பது?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது, இரக்கமில்லாத விடை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டின் மீது வழக்குத் தொடுப்பதற்கு, நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள்தாம் உண்டு. நாம் கடைசியாகப் பணம் கேட்ட நாளிலிருந்தோ, அவர் கைவிரித்த நாளிலிருந்தோ கணக்குத் தொடங்குவதில்லை. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதி செலுத்தப்பட்டு, அதைச் செலுத்தியவரே தம் கையால் எழுதியிருந்தால் அல்லது கையெழுத்திட்டிருந்தால், 19ஆம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு பிறக்கும். பணம் எதுவும் தராவிட்டாலும், ‘இன்ன கடன் நான் தரவேண்டியிருக்கிறது’ என்று கெடுவுக்குள் எழுதிக் கையெழுத்திட்டால் 18ஆம் பிரிவின்படி அதே பலன் கிட்டும். கடன் கொடுத்தவர் தாமே எழுதிக்கொண்ட வரவு, அவர் அவ்வளவு பணம் வாங்கிவிட்டார் என்பதற்கு அவருக்கு எதிரான சாட்சியாகுமே ஒழிய, ஒரு நாளைக்கூட அவருக்கு நீட்டித் தராது.

காலம் கடந்துவிட்டது என்பதற்காகக் கடன் இல்லாமல் போய்விடுவதில்லை. அதைக் கேட்டு நீதிமன்றம் போகும் வழிதான் அடைபடுகிறது. காலாவதியான கடனையும் தருகிறேன் என்று வாங்கியவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்த வாக்குறுதி செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆகவே நோட்டீஸ் எதுவும் அனுப்பாமல் பெரியவரை மருமகன் வீட்டுக்கே நேரில் போகச் சொன்னேன். போனார், மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார், பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், திரும்பி வந்துவிட்டார். கேட்கவே இல்லை என்பதைப் பத்து நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

இவரைப் போன்றவர்களுக்கு வந்திருக்கும் நோயை நான் முகதாட்சண்யம் என்றுதான் அழைக்கிறேன். இந்தக் கடற்கரையில் கடன் என்பது பெரும்பாலும் அந்நியர்களுக்குள் நடப்பதில்லை. ஒரே ஜமாஅத்துக்குள், ஒரே தேவாலயப் பங்குக்குள், கொண்டான் கொடுத்தான் உறவுக்குள், ஒரே துறையில் படகு நிறுத்துகிறவர்களுக்குள் நடக்கிறது. கையெழுத்துக் கேட்பது நம்பிக்கையின்மையாகவும், தேதி கேட்பது அவமானமாகவும் கருதப்படுகிறது. கொடுத்தவர் கூச்சப்படுகிறார், வாங்கியவர் அந்தக் கூச்சத்தின் நிழலில் இளைப்பாறுகிறார். மூன்று ஆண்டு கழித்துக் கூச்சம் தெளிந்து என்னிடம் வரும்போது, நான் செய்யக்கூடிய வேலை குறைந்துபோயிருக்கிறது. கொரோனாக் காலத்தில் உச்ச நீதிமன்றம் 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் காலக்கணக்கிலிருந்து நீக்கியது. அதை நம்பி வழக்குப் போட்டுப் பிழைத்த நோட்டுகள் பல. அப்படி ஒரு சலுகை இருந்ததே தெரியாமல் பீரோவில் மடிந்து கிடந்து வீணானவையும் பல.

இடையே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞர்கள் தங்கள் தொழிலுக்கு விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி தடுக்கிறது. இது விளம்பரமன்று, கட்டணம் எவ்வளவு என்று யாரும் எழுதிக் கேட்க வேண்டாம்.

நோட்டில் இன்னொரு பொறி ஸ்டாம்பு. விற்பனைப் பத்திரத்திலோ வாடகைப் பத்திரத்திலோ முத்திரைத் தீர்வை குறைந்திருந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். கடன் நோட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஸ்டாம்பு இல்லாத நோட்டை எந்த அபராதம் கட்டியும் சாட்சியத்தில் சேர்க்க முடியாது என்று முத்திரைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஸ்டாம்பை ஒட்டிவிட்டு, அதன் மேல் கையெழுத்தோ கோடோ ஓடாமல் பக்கத்தில் அழகாகக் கையெழுத்திட்டிருந்தாலும், ஸ்டாம்பு பயன்படுத்தப்பட்டதாக அடையாளமில்லை என்ற வாதம் கிளம்பிவிடும். ஒரு ரூபாய் வில்லைக்காகப் பல லட்சம் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன். அப்போதும் கடன் கொடுத்ததை வேறு சாட்சியங்களால் நிரூபிக்க முயலலாம் என்பது உண்மைதான். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தவரிடம் வேறு சாட்சியம் ஏது? வருமான வரிச் சட்டம் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதைத் தடுக்கிறது என்பதும், 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறியதாக வழக்கில் சொல்லப்பட்டால் வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது என்பதும், ‘கையில்தான் கொடுத்தேன்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்திகள். வங்கி வழியாக அனுப்பிவிட்டால் ஸ்டாம்பும் சாட்சியும் இல்லாத இடத்தில்கூட வங்கிக் கணக்கில் ஒரு பதிவாவது மிஞ்சும்.

காசோலை வாங்கி வைத்திருக்கிறவர்கள், தாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் பாதி சரி. வட்டியோடு பணம் கேட்டுச் சிவில் வழக்குப் போட்டால், வழக்குத் தொகையில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 2017 வரைக்கும் அது ஏழரை விழுக்காடாக இருந்தது. காசோலைப் புகாருக்கு அப்படிப்பட்ட செலவு இல்லை. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம் என்னும் பயமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இங்கே கணக்கு ஆண்டுகளில் இல்லை, நாட்களில் இருக்கிறது. காசோலையை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம். அது முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லலாம். நோட்டீஸ் தாமதமானால் மன்னிப்பே கிடையாது. ‘தொழுகைக்குப் போகும்போது பார்த்துச் சொல்கிறேன் என்றார்’, ‘திருவிழா முடியட்டும் என்றார்’ என்று அந்த 30 நாளையும் தாட்சண்யத்தில் கரைத்துவிட்டு முப்பத்தைந்தாம் நாள் வருகிறவர்கள் உண்டு. காசோலை இன்னும் மூன்று மாத ஆயுளுக்குள் இருந்தால் மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்புவேன்; இல்லையென்றால் சிவில் வழக்குதான். பழைய கடனுக்காகத் தேதியில்லாமல் வாங்கி வைத்த காசோலையில், காலம் கடந்தபின் தேதியை நிரப்பிக் கொண்டுவரும் வழக்கை நான் எடுப்பதில்லை.

தபால் துறை 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டது. ‘ரிஜிஸ்டர் நோட்டீஸ்’ என்ற சொல்லின் மிரட்டல் குறைந்துபோயிற்று என்று எங்கள் குமாஸ்தா இன்றும் வருந்துகிறார்.

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக் கடன்களில் நோட்டே இருப்பதில்லை. மீன் வியாபாரி படகுக்காரருக்கு முன்பணம் கொடுப்பார். படகுக்காரர் பிடிக்கிற இறாலையும் நண்டையும் அவருக்கே போட வேண்டும். விலையில் ஒரு பகுதி கழிந்துகொண்டு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கும் படகு மராமத்துக்கும் மேலும் முன்பணம் ஏறும். எழுத்தெல்லாம் வியாபாரியின் நீள நோட்டில் மட்டும் இருக்கும். ஒழுங்காக வைத்துவரும் கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமாகக் காட்டலாம். ஆனால் அந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளி ஆக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி, புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆகவே வியாபாரிகளிடம் நான் கேட்பது எளிய காரியம்தான்: ஆண்டுக்கு ஒரு முறை, தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது, கணக்கைக் கூட்டி, இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி என்று ஒரு வரி எழுதிப் படகுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதைச் செய்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள், ‘கையெழுத்துக் கேட்டால் மீனை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய்விடுவான்’ என்கிறார்கள். அதில் உண்மையில்லாமல் இல்லை.

படகை ஈடாக நம்பிக் கொடுப்பதில் வேறு சிக்கல்கள் உண்டு. படகு ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும், ஓட்டுகிறவர் இன்னொருவராக இருப்பார், கடன் வாங்கியவர் மூன்றாமவராக இருப்பார். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போய், அந்த நாட்டு நீதிமன்றம் படகை அரசுடைமை ஆக்கிவிட்டால், கடன் கொடுத்தவர் கையில் இருப்பது ஒரு பதிவெண் மட்டுமே. வழக்கு முடிவதற்குள் படகை வெளியூருக்கு விற்றுவிடுவார் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போட உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் இடமிருக்கிறது; ஆனால் விற்கப்போகிறார் என்று சந்தேகப்படுவது போதாது, யாரிடம், எப்போது, எப்படி என்று ஏதேனும் காட்ட வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பாமல் போய்விடுவதும் இங்கே நடக்கிறது. உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு செய்தி இல்லாதிருந்தால்தான் இறந்தவராகச் சட்டம் அனுமானிக்கும்; நோட்டின் ஆயுளோ மூன்று. அப்படிப்பட்ட வீட்டின் மீது வழக்குப் போடச் சொல்லி ஒருவர் வந்தபோது, வாரிசுகள் தங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு என்பதை விளக்கினேன். அந்த வீட்டில் கைக்கு வர எதுவும் இருக்கவில்லை. அவர் நோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வந்தால் கடன் வழக்கை விட வாடகை வழக்கு அதிகம். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார். கடை இங்கே இருக்கும். வாடகையை வாங்குவது மச்சானோ மைத்துனரோ. ரசீது என்ற பேச்சே கிடையாது. காக்கா (அண்ணன்) என்று நான் அழைக்கும் ஒருவர், துபாயிலிருந்து பேசியவர், முதலில் கேட்டது வாடகைப் பாக்கியைப் பற்றியன்று. “பன்னிரண்டு வருஷம் ஒரே ஆள் குடியிருந்தால் கடை அவருக்கே சொந்தமாகிவிடுமாமே?” என்று கேட்டார். வளைகுடாவின் பாதித் தூக்கத்தைக் கெடுத்து வைத்திருப்பது இந்தப் பன்னிரண்டு வருஷக் கதைதான். வாடகைக்கு என்று உள்ளே வந்தவர், எத்தனை ஆண்டு ஆனாலும் வாடகைதாரரே. தம்மை உள்ளே விட்டவரின் உரிமையை, குடியிருந்துகொண்டே மறுக்கச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. ஆனால் அவர் வாடகைக்குத்தான் வந்தார் என்பதைக் காட்ட ஒரு காகிதமாவது வேண்டுமே. காக்காவின் கடைக்கு அப்படி ஒன்றும் இல்லை. மச்சானின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த தொகைகளைத் தேடி எடுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குள் மச்சான் ஒரு காரியம் செய்துவிட்டார். ஒரு பெருநாள் விடுமுறையில் கடைக்குத் தம் பூட்டைப் போட்டு மின் இணைப்பையும் நிறுத்திவிட்டார். வாடகைதாரர் காவல் நிலையத்துக்கும் போனார், நீதிமன்றத்துக்கும் போனார். சட்ட வழியிலன்றி வெளியேற்றப்பட்டவர், சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அதன் கைவசத்தைத் திரும்பப் பெறலாம் என்று குறித்த வகைத் தீர்வழிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தனியே தடை செய்திருக்கிறது. பாக்கி வைத்தவர் வாதியாகவும், பாக்கி கேட்டவர் பிரதிவாதியாகவும் மாறி நின்ற அந்த ஒன்றரை ஆண்டும், அந்த ஒரு பூட்டின் விலை.

அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடப்புக்கு வந்து, 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பவை பலருக்கும் தெரிந்த பகுதிகள். பலருக்கும் தெரியாதது, எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள இரு தரப்பும் உடன்படாமல் போனதே கடையைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு காரணம் என்பது. இரண்டு மாத வாடகை நிலுவையும் ஒரு காரணம். ஆகவே முப்பது ஆண்டுப் பழைய வாய்ப்பேச்சுக் குடியிருப்புக்கு, முதலில் ஒப்பந்தம் எழுத வரும்படி மரியாதையாக ஒரு நோட்டீஸ் அனுப்புவதையே நான் விரும்புகிறேன். எழுத வந்தால் காகிதம் கிடைக்கும். வராவிட்டால் காரணம் கிடைக்கும். நோட்டீஸ் போன மறுவாரமே வாடகைதாரர் ‘சட்டவழியிலன்றி வெளியேற்றக் கூடாது’ என்று தடையாணை கேட்டுப் போவது வழக்கமாதலால், எங்களைக் கேளாமல் ஆணை பிறப்பிக்க வேண்டாம் என்னும் கேவியட் மனுவை அதற்கு முன்பே போட்டு வைப்பேன். அதன் ஆயுள் 90 நாள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதுவதிலும் தவறுகிறார்கள். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்ற பவர், இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். பெட்டிக்குள் வைத்திருந்து ஒரு வருஷம் கழித்து எடுத்துவந்தால் சிக்கல். பவர் வைத்திருக்கிற மச்சான் மனுவில் கையெழுத்திடலாம், வழக்கு நடத்தலாம். ஆனால் காக்கா மட்டுமே நேரில் அறிந்த ஒன்றுக்கு அவருக்குப் பதிலாகக் கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. வளைகுடாவால் கடன் கொடுத்தவருக்கு ஒரு நன்மையும் உண்டு. கடன் வாங்கியவர் இந்தியாவில் இல்லாத நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. நோட்டு காலாவதி என்று கைவிட்டுவிட்ட ஒருவருக்கு, கடன் வாங்கியவர் ஷார்ஜாவில் கழித்த காலத்தைக் காட்டி வழக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். அவர் எப்போது போனார், எப்போது வந்தார் என்பதற்குக் கடவுச்சீட்டுப் பதிவே சாட்சியாயிற்று. அமீரக நீதிமன்றங்களின் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றவும் 2020 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது. அங்கே பாக்கி வைத்துவிட்டு ஊருக்கு வந்து வீடு கட்டியவர்கள் இதை இன்னும் முழுதாக உணரவில்லை.

ஒத்தி தனிக்கதை. வாடகையும் இல்லை வட்டியும் இல்லை என்று ஒரு பெருந்தொகையைக் கொடுத்து வீட்டில் குடியேறுகிறவர், தம்மை வாடகைதாரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் கடனாளி. நூறு ரூபாயோ அதற்கு மேலோ ஆன அனுபவ அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்லியிருக்க, ஐந்து லட்சம் ஒத்தியை முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் அந்த வீட்டை இன்னொருவருக்கு விற்றுவிட்டால், ஒத்திக்காரரின் ஐந்து லட்சம் வீட்டோடு ஒட்டிய கடனாக நிற்காமல், வெறும் கைமாற்றாகக் கீழிறங்கிவிடும் அபாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணத்தை யார் கொடுப்பது என்ற தகராறில்தான் பெரும்பாலும் பதிவு விட்டுப்போகிறது. பதிந்த ஒத்தியில் வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு: வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்கும் உரிமை, வெறும் முப்பது ஆண்டு கடந்துவிட்டதால் அழிந்துவிடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

வங்கிகளைப் பற்றி இங்கே அதிகம் எழுதத் தேவையில்லை. அவர்களுக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் இருக்கிறது. 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றலாம். விவசாய நிலத்தைத் தொட முடியாது. எதிர்ப்பவர் 45 நாளுக்குள் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தனியாளுக்கு அந்தக் குதிரை கிடையாது. அவர் நடந்துதான் போக வேண்டும்.

நடந்து போய் டிக்ரி என்னும் தீர்ப்பாணையை வாங்கிய பிறகும் பணம் வந்துவிடுவதில்லை. டிக்ரி என்பது பணத்தைக் கேட்பதற்கான அனுமதி. அதன் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு. பாம்பனில் ஒரு வீட்டுக்கு ஜப்திக்காக, நீதிமன்றப் பணியாளரான அமீனாவோடு நானும் போயிருக்கிறேன். வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அமீனா திண்ணையில் உட்கார்ந்து, இரும்புப் பீரோ ஒன்று, தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று என்று எழுதினார். அடுப்படிப் பாத்திரங்களை எழுதவில்லை. உடுக்கும் துணியை எழுதவில்லை. அந்த வீட்டுப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தவர் உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தாலியையும் சமையல் பாத்திரங்களையும் கைவினைஞரின் தொழிற்கருவிகளையும் ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது. மூலையில் சுருட்டி வைத்திருந்த வலையைக் காட்டி, “அதையும் எழுதுங்க” என்றார் என் கட்சிக்காரர். அது கருவியா சரக்கா என்று வாதாடலாம். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வலையை எடுத்துவிட்டால் பிறகு தவணை எதிலிருந்து வரும்? அன்றைக்கு எழுதிய சாமான்களின் மதிப்பு, என் கட்சிக்காரர் அதுவரை செய்த செலவில் பாதிகூட இல்லை.

‘பிடித்து உள்ளே போடுங்கள்’ என்று கேட்பவர்களும் உண்டு. கொடுக்க வசதியிருந்தும் கொடுக்காதவரைத்தான் சிவில் சிறையில் வைக்க முடியும், ஏழ்மை ஒரு குற்றமன்று என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியே உள்ளே போனாலும் அதிகபட்சம் மூன்று மாதம். அந்த நாட்களுக்கு அவருடைய சாப்பாட்டுப் படியைக் கட்ட வேண்டியவர் கடன் கொடுத்தவரே. இதைச் சொன்னதும் அநேகம் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் என் வழக்குகளில் நல்லபடியாக முடிந்தவை பெரும்பாலும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தவைதாம். அங்கே எழுதும் சமரசம் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தவணைக்கு ஆள் வருகிறார்.

வட்டி என்றதும் ஒன்று. ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு என்பதே கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் வைத்த வரம்பு. அதாவது ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி. மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று வருகிறவர்களிடம், கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை வைத்திருப்பதைச் சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவர்களுக்கும் வழக்கறிஞர்கள் கிடைப்பார்கள்.

இந்த ஆண்டு மே மாதக் கடைசியில், தங்கச்சிமடத்திலிருந்து கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மா நோட்டோடு வந்தார். ஒன்றரை லட்சம், நோட்டுக்கு இன்னும் நான்கு நாள் ஆயுள். கோடை விடுமுறையில் நீதிமன்றம் மூடியிருந்தது. கெடு விடுமுறைக்குள் முடிந்தால், நீதிமன்றம் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம் என்று சட்டம் இடம் தருவதால் நான் பதறவில்லை. வழக்கைத் தயார்செய்யத் தொடங்கினேன். தடைக்காலமாதலால் கடன் வாங்கியவர் கரையில்தான் இருந்தார். அந்த அம்மா மறுநாள் அவரைக் கையோடு என் அலுவலகத்துக்கே அழைத்து வந்துவிட்டார். கடல் திறந்ததும் மாதாமாதம் தருகிறேன் என்று சொல்லி, அவர் எட்டாயிரம் ரூபாயை எண்ணி மேசை மேல் வைத்தார். நான் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே, அந்த அம்மா தம் சுருக்குப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “எட்டாயிரம் வட்டிக்காகக் கொடுத்தேன் என்று நீயே எழுது, தம்பி. கையெழுத்துப் போடு. தேதியில் வருஷத்தையும் சேர்த்து எழுது” என்றார். அவர் எழுதினார். அந்த அம்மா எழுத்துக் கூட்டி அதை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, எட்டாயிரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வக்கீலம்மா” என்று எழுந்தார்.